மிளகாய்க் களத்தில் காய்ந்த லேப்டாப்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டரும் லேப்டாப்பும் பழுது பார்த்துவிட்டு நான் கடையை மூடியதற்குக் காரணம் ஞானம் வந்தது அல்ல. திருகாணி கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் திருகாணியைத் தேடி மேசைக்கடியில் மண்டியிட்டுத் தவழ்ந்த அன்றைக்கு, போதும் என்று தோன்றிவிட்டது.

நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எந்த மென்பொருள் நல்லது, எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லக்கூடியது நம்முடைய கையைப் பற்றி மட்டும். பழுதான ஹார்ட் டிஸ்க் மேசைக்கு வந்துவிட்டால் நம் கை சும்மா இருக்காது. எதிரே வாடிக்கையாளர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் சுத்தமாக இருக்காது.

கடை திறந்த சில வருஷத்தில் திருப்புல்லாணிப் பக்கமிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். அவருடைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் உள்ளே டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் காதுகுத்து விழாப் படங்கள் எல்லாம் அதில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டு, காது குத்தி, ஊரையே கூட்டிச் சோறு போட்ட விழா. நான் சுவிட்சைப் போட்டேன். ஒரு படம் பாதி தெரிந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். முக்கால் தெரிந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. இதோ வந்துவிடும், இந்தத் தடவை வந்துவிடும் என்று பதினோரு தடவை போட்டேன். பதினோராவது தடவை உள்ளே கிரீச் என்று ஒரு சத்தம். அதோடு சரி.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தகடு சுற்றும், அதைத் தொடாமல் அதன்மேல் ஒரு முனை ஓடும். முனை கெட்டுப்போன பிறகு நாம் கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது தகட்டைச் சுரண்டும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். கைக்குத் தெரியாது. போட்டோகிராபர் அந்தக் குடும்பத்திடம் போய்க் கெஞ்சி, விழாவை மறுபடி நடத்திப் படம் எடுத்தார். அதற்குள் குழந்தைக்கு ஒரு விரல்கடை முடி வளர்ந்திருந்தது. மறுபடி மாமன் மடி, மறுபடி அழுகை, மறுபடி மொட்டை. காது ஏற்கெனவே குத்தியிருந்ததால் அது மட்டும் தப்பியது. அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் படிக்கிறதாம். எங்காவது எதிர்ப்பட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னால் அதற்கு இரண்டு மொட்டை.

அத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். நானும் பதினைந்து வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காளீஸ்வரி கடைக்கு வரும் வரைக்கும்.

அது ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும், தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவரும் கடைக்குள் வந்தார்கள். பெரியவர் கையில் சாக்குப்பை. அதற்குள்ளிருந்து ஒரு லேப்டாப்பைப் பக்குவமாக எடுத்து என் மேசையில் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப். நான் மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான், தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு இல்லை. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார், அவரும் தும்ம ஆரம்பித்தார்.

“என்னம்மா இது, அடுப்படிலயா வச்சிருந்தீக?” என்றேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

“இல்லண்ணே. மொளகாக் களத்துல” என்றாள் அந்தப் பெண்.

அவள்தான் காளீஸ்வரி. கூட வந்தவர் அவளுடைய மாமனார். லேப்டாப் அவள் கொழுந்தனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. முதுகுளத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம், முண்டு என்கிற உருண்டை மிளகாய் போடுகிற வீடு. வீட்டு ஓட்டில் ஒரு ஒழுகல் உண்டு. அதன்மேல் வருஷம் முழுக்க ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கும். மாசி பிறந்து பழம் பறிக்க ஆரம்பித்தால், இனிமேல் மழை ஏது என்று அந்தத் தார்ப்பாயைக் கழற்றிக் களத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பங்குனியில் சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்துவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் களத்துக்கு ஓடி மிளகாயை மூடினார்கள். மிளகாய் பெரும்பாலும் தப்பியது. வீட்டுக்குள் கட்டில்மேல் இருந்த லேப்டாப் நனைந்தது.

“நாலு நா வெயில்ல போட்டுருந்தேன் சார்” என்றார் பெரியவர். குரலில் பெருமை இருந்தது. “மத்தியானம் ஒரு தடவ, பொழுது சாய ஒரு தடவ பொரட்டி விடுவேன். பனி எறங்குறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள எடுத்து வச்சிருவேன். பொன்னாட்டம் பாத்துக்கிட்டேன்.”

“காஞ்சிருச்சுன்னு எப்புடிய்யா கண்டுபிடிச்சீக?”

“ஆட்டிப் பாக்குறதுதான். வத்தல் காஞ்சா உள்ள வெத கலகலங்கும்ல? இதயும் காதுக்கிட்ட வச்சு ஆட்டுனேன். மூணாம் நா வரைக்கும் சத்தமே இல்ல. நாலாம் நா கலகலன்னுச்சு. சரி, பதமாயிருச்சு, கொண்டு போவோம்னு மருமககிட்டச் சொல்லிட்டேன்.”

கலகலத்தது ஒரு கழன்ற திருகாணி. அதை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். வெயிலில் வைத்தால் என்ன ஆகும், ஆட்டினால் என்ன ஆகும், படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று மூச்சுவிடாமல் பேசினேன். எனக்கு அப்போதெல்லாம் வாய் கொஞ்சம் நீளம். பேசி முடித்து, கடைசியாகக் கேட்டேன்.

“சரி, நடுவுல எத்தன தடவ சுவிட்சப் போட்டுப் பாத்தீக?”

“ஒரு தடவகூடப் போடலண்ணே” என்றாள் காளீஸ்வரி. “மாமா விடல. நனஞ்ச அன்னைக்கே பேட்டரியையும் கழத்திட்டேன்.”

“ஈரத்தோட வத்தல மூட்ட கட்டுவாகளா?” என்றார் பெரியவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

நனைந்து என் கடைக்கு வந்த எத்தனையோ லேப்டாப்புகளில், ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் வந்தது அது ஒன்றுதான். இன்ஜினியர்கள், வாத்தியார்கள், ஏன், நம்மைப் போன்ற தொழில்காரர்களே கூட ஈரம் சொட்டச் சொட்டப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெயிலில் வைத்தது தப்பு. ஆட்டியதும் தப்பு. போடாமல் இருந்தார்களே, அது எல்லாத் தப்பையும் ஈடுகட்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டதும் என் தும்மல் நின்றுவிட்டது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து முதுகுளத்தூருக்குத்தான் போக வேண்டும். ஏழு கிலோமீட்டர். காலை எட்டு பத்துக்கு ஒரே ஒரு மினி பஸ். அந்த மினி பஸ்காரர் கூட்டம் இல்லாத ஊர் என்று பாதி நாள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. பையன்கள் சைக்கிளிலும், யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டும் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் எட்டரை மணி வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். முந்தின வருஷம் மூன்று பிள்ளைகளைப் படித்தது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். காளீஸ்வரியின் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

காளீஸ்வரி ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாள். பஸ் தினமும் வருகிறது என்று மினி பஸ்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இவள் ஒரு வேலை செய்தாள். பஸ் வராத ஒவ்வொரு நாளும், எட்டரை மணிக்கு, நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு படம். கையிலிருந்தது பழைய பட்டன் போன். பேட்டரி ஆடி ஆடி அதில் தேதி எப்போதும் தப்பாகவே இருக்கும். அதனால் படத்தை வாராவாரம் லேப்டாப்பில் ஏற்றி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்புறை போட்டு, அந்தத் தேதியை அதற்குப் பெயராக வைத்திருக்கிறாள். போனில் இடம் இல்லாததால் அங்கே அழித்துவிடுவாள். ஆனியில் தொடங்கி ஒன்பது மாதம் இப்படி.

“வர்ற திங்கக்கிழம விசாரணண்ணே. ரெண்டு பேத்தையும் வரச் சொல்லிருக்காக. படம் இல்லாமப் போனா எம்பேச்ச யாரு கேப்பா? எம்மகளுக்கும் இந்த வருசத்தோட சரின்னு வீட்டுக்காரரே சொல்லிட்டாரு.”

சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை விசாரணை. தம்பி, இந்த இடத்தில்தான் நமக்குக் கை பரபரக்கும்.

ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றினேன். நம் ஊர் உப்புக் காற்றில் சாதாரணமாகவே செம்பு கறுத்துப்போகும், இது மழையிலும் நனைந்திருந்தது. தொடும் இடங்கள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. ஜெராக்ஸ் கடையில் ஒரு அழிரப்பர் வாங்கி, அவற்றை மெதுவாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். பிறகு வயரை மாட்டி என் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். லேசான ரீங்காரம். திரையில் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. “பஸ் வராத நாள்” என்று ஒன்று. அதற்குள் தேதி தேதியாக இருந்தன. மூன்று பேரும் பார்த்தோம். பெரியவர் கைதட்டிவிட்டார்.

அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறிவிட்டது.

“அண்ணே, அந்த ஒண்ண மட்டும் மொதல்ல எடுத்துருங்க” என்றாள் காளீஸ்வரி.

“ஒண்ணு என்னம்மா ஒண்ணு? மொத்தத்தையும் எடுத்துத் தாரேன். ஒன் கல்யாணப் படம் வரைக்கும் இருக்கே. ஒண்ணு விடாம எடுத்துருவோம்” என்றேன்.

மொத்தத்தையும் நகல் எடுப்பதுதான் முறை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நல்ல முறைதான். ஆனால் நான் அன்றைக்கு முறைக்காக அதைச் செய்யவில்லை. கைதட்டலுக்காகச் செய்தேன். அரை மணி நேரம் ஓடியது. ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டால் கை சுட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்து டிக் என்று ஒரு சத்தம். பிறகு டிக், டிக். திரையில் எல்லாம் மறைந்துவிட்டது. எடுத்தது என்னவென்று பார்த்தால், பழைய சினிமாப் பாட்டும் லேப்டாப்போடு வந்த பாடப் புத்தகங்களும்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய மொட்டை கண்முன்னால் வந்தது. இருந்தும் என் கை என்ன செய்தது தெரியுமா? வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டப் போனது. இந்தத் தடவை வந்துவிடும் என்று வாய் வேறு சொன்னது.

காளீஸ்வரி சட்டென்று எட்டி வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்ணே. அது சூடா இருக்கு, நீங்களும் சூடா இருக்கீக.”

“இல்லம்மா, ஒரே ஒரு தடவ...”

“களத்துல கெடக்கும்போது மழ வந்தா மொத்தத்தையுமா அள்ளுவோம்? நாளைக்கு யாவாரிக்குப் போற குவியலத்தான் மொதல்ல மூடுவோம். மத்தது நனஞ்சாலும் நனஞ்சிட்டுப் போகுதுன்னு விட்டுறணும். எல்லாத்தையும் அள்ளணும்னு ஓடுனா எதுவுமே மிஞ்சாதுண்ணே.”

சொல்லிக்கொண்டே அந்த வயரைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“என்னம்மா பண்ற?”

“இங்கன எங்க அக்கா வீடு இருக்கு. நாங்க அங்கன தங்கிக்கிறோம். வயர நான் கொண்டு போறேன். இங்க இருந்தா நீங்க சும்மா இருக்க மாட்டீக. காலைல ஆறுன பெறகு கொண்டு வாரேன்.”

ஐம்பது வயதுக்காரன், கடை முதலாளி, என் கடையில் என் வயரை எனக்குத் தெரிந்தே தூக்கிக்கொண்டு ஒருத்தி போகிறாள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. பெரியவர் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். “எங்கிட்டயும் இப்புடித்தான் சார், சுருட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவா” என்றார்.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் மேசை இழுப்பறையில் அதே மாதிரி மூன்று வயர் கிடந்தது. அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் கடை மூடுவதற்குள் நான்கு தடவை இழுப்பறையைத் திறந்து மூடினேன். கடைசியில் மூன்று வயரையும் எடுத்துக்கொண்டு போய் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்து, நாளைக்கு மத்தியானம் வரை நான் கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். என் இருபத்தாறு வருஷத் தொழிலில் நான் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். வயர் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. இணைத்தேன். ஒரு டிக். பிறகு ரீங்காரம். ஆனால் திரையில் கோப்புறை ஒன்றும் தெரியவில்லை. பெயர்களின் பட்டியல் இருந்த இடம் முந்தின நாளே சுரண்டிப் போயிருந்தது. படங்களை மட்டும் தோண்டி எடுக்கலாம். கடைசியாக ஏற்றியவை எந்தப் பக்கம் இருக்கும் என்று கணித்து, அங்கிருந்து மட்டும் எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. ஒரு மணி நேரம் ஓடியது. நூற்றுச் சொச்சம் படங்கள் வந்தன. பிறகு அந்த ஹார்ட் டிஸ்க் கிரீச் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

“ஒன் கல்யாணப் படம் போச்சும்மா” என்றேன்.

“போகட்டும்ணே. மாப்பிள்ள வீட்டுலதான இருக்காரு” என்றாள்.

சிரிப்பு வந்தது, ஆனால் எனக்கு உள்ளே வேறு ஒன்று குடைந்துகொண்டிருந்தது. தோண்டி எடுத்த படங்களுக்குப் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்கள். வரிசையும் கலைந்து கிடந்தது. அவள் ஒன்பது மாதம் உட்கார்ந்து வைத்த தேதிகளில் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் அவள் சொன்னபடி அந்த ஒரு கோப்புறையை மட்டும் எடுத்திருந்தால் தேதியோடு கையில் இருந்திருக்கும். அதை அவளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

“தேதி எல்லாம் போயிருச்சும்மா. அது நனஞ்சதால இல்ல. என்னால.”

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். “ஒண்ணு பண்ணுவோம். ஒனக்கு ஞாபகம் இருக்குற தேதியச் சொல்லு, நான் படத்துக்கு ஏத்திருவேன். யாருக்கும் தெரியாது” என்றேன்.

“மினி பஸ்காரவுக ஏற்கெனவே நான் படத்தப் பொய்யா எடுத்தேன்னுதான் சொல்றாக” என்றாள் மெதுவாக. “நம்ம தேதியப் போட்டா அது நெசமாயிருமேண்ணே.”

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை உங்களிடம் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. நம் கைக்கு வரும் கோப்புகளை நம்மால் மாற்ற முடியும். முடியும் என்பதாலேயே மாற்றக் கூடாது.

நாங்கள் இருவரும் இப்படி உட்கார்ந்திருக்க, பெரியவர் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தா, இது ஆவணி. உழுது போட்டுருக்கான் பாரு. இது ஆனி, வெறுங்காடு, ஆடு மேயுது. இத முன்னாடி வைய்யி” என்றார். “இது ஐப்பசி, மொளப்பு ரெண்டு எல விட்டுருக்கு. இது களை வெட்டுன கார்த்திக. இது மார்கழி, பூத்துருச்சு.”

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மிளகாய்க் காடு. ஒன்பது மாதமும் எல்லாப் படத்திலும் அது விழுந்திருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. பெரியவர் மத்தியானம் வரை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வத்தல் பொறுக்கும்போது எப்படிப் பிரிப்பார்களோ அப்படியே பிரித்தார். பச்சைக் காய் ஒரு பக்கம், முதல் பழம் ஒரு பக்கம், இரண்டாம் பறிப்பு ஒரு பக்கம். நடுவில் ஒரு படத்தைப் பார்த்து, “இவன் உரத்த அள்ளிப் போட்டுருக்கான், பூவு உதிர்ந்துருச்சு பாரு, கூறு கெட்ட பய” என்று திட்டவும் செய்தார். அந்தக் காடு அவருடைய பங்காளியினுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் படங்களை வரிசையாக அடுக்கினேன். தேதி எதுவும் எழுதவில்லை. ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் தாளில் எடுத்துக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை நான் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு போனேன். தேதி எப்படிப் போனது என்று அதிகாரி கேட்டால், என் தப்பு என்று நானே சொல்ல வேண்டும் என்பதற்காக. கேட்டார், சொன்னேன். வேர்த்துக் கொட்டியது. மினி பஸ்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

“சார், தேதியே இல்லாத படம். ஒரே வாரத்துல சட்டைய மாத்தி மாத்தி நிக்க வச்சு எடுத்துருக்காக” என்றார்.

காளீஸ்வரி எழுந்தாள். தாள்களை அவர் முன்னால் மேசையில் பரப்பினாள். ஆனியிலிருந்து பங்குனி வரை.

“நீங்களும் மொளகா வெதைக்கிற ஊருதான அண்ணே” என்றாள். “பிள்ளைகளப் பாக்க வேணாம். பின்னாடி பாருங்க. ஒரே வாரத்துல வெதச்சு, மொளச்சு, பூத்து, பழுத்துருமா?”

அந்த மனிதர் முதல் தாளை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். ஆறாவது தாளுக்கு வந்தபோது அவர் முகத்திலிருந்த நிதானம் போய்விட்டது. விவசாயம் பார்க்கிற சம்சாரியின் கண் தானாகவே படித்துவிடுமே, அவரால் என்ன செய்ய முடியும்? எங்கள் பெரியவர் வேறு சும்மா இருக்காமல், “அந்த எட்டாவதுல பூவு உதிர்ந்துருக்கு பாத்தீகளா, உரம் சாஸ்தி” என்றார். மினி பஸ்காரர் தன்னை மறந்து, “ஆமா, சாஸ்திதான்” என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

நான் இன்றைக்கும் யோசிப்பேன். அந்த ஒன்பது மாதத்துத் தேதிகளும் என் முட்டாள்தனத்தால் போய், ஒரு விவசாயியின் கண்ணால் திரும்பி வந்தன. அந்தக் கண் இல்லாமலிருந்தால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு என் மேசையில் நின்றுபோயிருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எது முக்கியம் என்று வாடிக்கையாளர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அதை முதலில் எடுங்கள். தப்பு செய்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கை பரபரத்தால் வயரைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரத்தில், ஆனி பிறந்ததும், காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது. தெரியாத எண். காளீஸ்வரி புதுப் போன் வாங்கியிருந்தாள். அதே பஸ் நிறுத்தம். பின்னால் வெறுங்காடு, நாலைந்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தேதியைப் பார்க்காமலேயே ஆனி என்று எனக்கே தெரிந்துவிட்டது, அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பஸ்ஸைத் தேடினேன், காணோம். வழக்கமாக வரிசையில் நிற்கும் பிள்ளைகளைத் தேடினேன். ஒருத்தியும் இல்லை. என்னவோ ஏதோ என்று உடனே கூப்பிட்டேன்.

“என்னம்மா, நிறுத்தத்துல ஒரு பிள்ளையக்கூடக் காணோம்?”

“எட்டரைக்கு எடுத்தேண்ணே” என்றாள். “எட்டு பத்துக்கே எல்லாரும் ஏறிப் போயிட்டாக.”